புது பைக்கில் கிளட்ச், ஆக்ஸிலேட்டர் தொல்லை: எது ஓட ஓடச் சரியாகும், எது ஆகாது?

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 160 சிசி வண்டி, எடுத்து ஐந்து வாரம் ஆகிறது, 640 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, முதல் சர்வீஸும் முடிந்துவிட்டது. மூன்று குறை சொல்கிறார். சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழமாட்டேன் என்கிறது, கிளட்சை முழுசாகப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் ஊர்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் சில நேரம் இன்ஜின் சத்தம் இறங்குவதில்லை, அதுவும் வண்டியைத் திருப்பும்போது. டவுனுக்குள் மெதுவாகப் போகையில் வெட்டி வெட்டி இழுக்கிறது. ஷோரூமில் கேட்டால் "புது வண்டி சார், ஓட ஓட சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். நிஜமாகவே சரியாகுமா அண்ணா என்று கேட்கிறார்.

தம்பி, மூன்றுக்கும் பதில் வேறு வேறு. கடைசிக் குறை பாதி சரியாகும், மீதி உங்கள் ஓட்டும் முறையிலும் செயினிலும் இருக்கிறது. முதல் குறை தானாகச் சரியாகாது, ஆனால் பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. இரண்டாவது இருக்கிறதே, ஆக்ஸிலேட்டர், அதற்கு 'ஓட ஓட' என்ற பேச்சே கிடையாது. அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வண்டியை சமதளத்தில் நிறுத்துங்கள். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் சூடாக விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை இடது கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள், அப்புறம் வலது கடைசி வரை. மீட்டரில் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) முள்ளோ எண்ணோ எங்காவது ஏறுகிறதா? கொஞ்சம் ஏறினாலும் ஆக்ஸிலேட்டர் கேபிளை ஏதோ ஒன்று இழுக்கிறது என்று அர்த்தம். கேபிள் தவறான வழியில் போயிருக்கலாம், எதிலாவது மாட்டியிருக்கலாம், அல்லது தேவைக்கு மேல் இறுக்கி வைத்திருக்கலாம். யூ டர்ன் அடிக்கும்போது, நீங்கள் முறுக்காமலேயே வண்டி வேகம் எடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கிப் படக்கென்று கையை விடுங்கள். 'டக்' என்று தானே திரும்பி மூட வேண்டும். ஹேண்டில் நேராக இருக்கும்போது, இடது கடைசியில், வலது கடைசியில் என மூன்று நிலையிலும் செய்து பாருங்கள். சோம்பலாகத் திரும்பினால், பாதியில் நின்றால், கோளாறு உறுதி.

இனி நான் கேட்கும் கேள்வி: வண்டி எடுத்த பிறகு ஹேண்டில் பக்கம் எதையாவது மாட்டினீர்களா? போன் ஹோல்டர், கிரிப் கவர், ஃபாக் லேம்ப், ஹேண்ட் கார்டு, எதுவானாலும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் பார்த்த புது வண்டி ஆக்ஸிலேட்டர் புகார்களில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் முடிந்திருக்கிறது. எங்கள் தெருப் பையன் ஒருவன் இதே புகாரோடு வந்தான். டார்ச் அடித்துப் பார்த்தால், ஃபாக் லேம்ப் ஒயரை அழகாகக் கட்டிவைக்கிறேன் என்று ஆக்ஸசரி கடையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டேக் போட்டு, ஒயரோடு சேர்த்து ஆக்ஸிலேட்டர் கேபிளையும் ஃபிரேமோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினால் போதும், கேபிள் விறைத்துக்கொண்டு 1400-இல் இருந்த ஆர்பிஎம் 2500-க்குப் போனது. டேக்கை வெட்டியதும் முடிந்தது. அந்தப் பையன் அப்படியே பத்து நாள் ஓட்டியிருக்கிறான், அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பதறுகிறது.

கிரிப் கவரும் அப்படித்தான். தடிமனான கவரின் ஓரம் உள்பக்கம் சுவிட்ச் பெட்டியில் உரசும், இல்லாவிட்டால் வெளிப்பக்கம் ஹேண்டில் முனையில் இருக்கும் எடைக்கட்டியில் உரசும். உரசினால் ஸ்பிரிங் எவ்வளவு இழுத்தாலும் கிரிப் முழுசாகத் திரும்பாது. வலது கைப் பக்கம் கவரே வேண்டாம் என்பது என் கருத்து, கழற்றி எறியுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஃப்ரீ ப்ளே பாருங்கள். முறுக்கத் தொடங்கியதும், இன்ஜின் கேட்பதற்கு முன்னால், கிரிப் கொஞ்சம் சும்மா சுற்ற வேண்டும். பல வண்டிகளில் இது கிரிப்பின் விளிம்பில் அளந்தால் 2 முதல் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கிறது. சுத்தமாக இல்லாவிட்டால் கேபிள் எப்போதும் இழுபட்டே இருக்கிறது, ஐடிலிங் (முறுக்காமல் விட்டிருக்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) இறங்காது. ரொம்ப அதிகமாக இருந்தால் முறுக்கி ஒரு கணம் கழித்துத்தான் வண்டி கேட்கும், சிலர் இதைத்தான் 'பிக்கப் லேட்' என்று சொல்கிறார்கள். கேபிள், கிரிப் இரண்டும் சரியாக இருந்தும் சத்தம் இறங்கவில்லை என்றால் த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) பக்கம் பார்க்க வேண்டும், அது ஷோரூம் வேலை. இது ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி, பழைய கார்புரேட்டர் மாதிரி ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகிச் சரி செய்கிற விஷயம் இல்லை. த்ராட்டில் பாடியில் பெயிண்ட் வைத்த திருகு ஒன்று இருக்கும், அதில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

ஓடும்போதே ஆக்ஸிலேட்டர் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். கிளட்சைப் பிடியுங்கள், வலது பெருவிரலால் இன்ஜினை அணைக்கும் சிவப்பு கில் சுவிட்சைத் தட்டுங்கள், பிரேக் போட்டு ஓரம் கட்டுங்கள். கிளட்ச் பிடித்ததும் இன்ஜின் அலறும், அந்தச் சத்தத்துக்குப் பயந்து கிளட்சை விட்டுவிடாதீர்கள். நிற்கிற வண்டியில் நாலைந்து தடவை செய்து பழகுங்கள், கை தேடாமல் சுவிட்சுக்குப் போக வேண்டும்.

சரி, கிளட்சுக்கு வருவோம். உங்கள் வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் மூழ்கியிருக்கும் வகை. கார்க் பிளேட்டு, ஸ்டீல் பிளேட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும், ஸ்பிரிங்குகள் அவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். நீங்கள் லீவரைப் பிடித்தால் அந்த அழுத்தம் விலகி, பிளேட்டுகள் மயிரிழை அளவுக்குப் பிரியும். அந்த மயிரிழை கிடைக்காவிட்டால் இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டி ஊர்வதும் நியூட்ரல் விழாததும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள்.

உறுதி செய்ய ஒரு சோதனை. அடுத்த முறை நியூட்ரல் விழாமல் அடம் பிடிக்கும்போது, வண்டி நிற்கும் இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள். லேசாக முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே நியூட்ரல் போடுங்கள். அணைத்ததும் சுலபமாக விழுந்துவிட்டதா, அப்படியானால் கியர் பெட்டி நன்றாக இருக்கிறது, கிளட்ச்தான் முழுசாகப் பிரியவில்லை. அணைத்த பிறகும் அதே கஷ்டம் என்றால் கியர் லீவர், அதன் இணைப்பு, உள்ளே கியர் மாற்றும் அமைப்பு என்று வேறு பக்கம் தேட வேண்டும். பத்து நொடிச் சோதனை, ஆனால் கிளட்சைக் குறை சொல்லிக்கொண்டு தேவையில்லாமல் இன்ஜின் மூடியைத் திறப்பதைத் தடுக்கும்.

கிளட்ச்தான் என்று தெரிந்தால் லீவரின் குண்டு முனையை ஒரு விரலால் மெல்ல இழுங்கள். கனம் தெரியத் தொடங்கும் வரை எவ்வளவு தூரம் சும்மா வருகிறது? பெரும்பாலான கேபிள் கிளட்ச் வண்டிகளில் 10 முதல் 20 மில்லிமீட்டருக்குள் சொல்லியிருப்பார்கள், ஏறத்தாழ உங்கள் சுண்டுவிரல் நக அகலத்திலிருந்து அதைப்போல் இரண்டு மடங்கு வரை. உங்கள் வண்டியில் 25, 30 என்று வரும் என்பது என் ஊகம். ஏனென்றால் புதுக் கேபிளின் வெளிக்கூடு முதல் சில நூறு கிலோமீட்டரில் அமுங்கி உட்காரும், உள்ளே ஓடும் ஒயரும் தன் இடத்தில் படியும். அதனால் லீவரில் ஆட்டம் கூடும், ஆட்டம் கூடினால் நீங்கள் கடைசி வரை பிடித்தாலும் பிளேட்டுக்குப் போய்ச் சேரும் இழுவை குறையும். கேபிள் 'உட்கார்வது' தானாக நடக்கும், ஆனால் உட்கார்ந்த பிறகு அதை யாராவது ஒருவர் இழுத்துச் சரி செய்யத்தான் வேண்டும். முதல் சர்வீஸில் செய்ய வேண்டிய வேலை இது. கழுவித் துடைத்து ஆயில் மாற்றிக் கொடுத்தவர்கள் இதை விட்டிருக்கலாம்.

நீங்களே செய்யலாம், வாரன்ட்டிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. லீவர் பக்கம் ரப்பர் உறையைப் பின்னால் தள்ளினால் லாக் நட்டும் அட்ஜஸ்டரும் தெரியும். லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை வெளியே வரும்படி திருகினால் கேபிள் இறுகி ஆட்டம் குறையும், உள்ளே போகும்படி திருகினால் ஆட்டம் கூடும். அரைச் சுற்று திருகி அளந்து, மறுபடி அரைச் சுற்று, இப்படி நிதானமாகப் போங்கள். பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது, இன்னும் போதவில்லை என்றால் அதை உள்ளே திருகிவிட்டு இன்ஜின் பக்கம் இருக்கும் அட்ஜஸ்டரில் வேலை பாருங்கள். முடித்ததும் அட்ஜஸ்டரில் இருக்கும் வெட்டும் லாக் நட்டின் வெட்டும் லீவர் தாங்கியின் வெட்டோடு ஒரே நேர்கோட்டில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நின்றால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், கேபிள் நழுவவும் வழி.

நியூட்ரல் சுலபமாக விழ வேண்டும் என்று ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள். அது எதிர்த் தவறு. ஆட்டம் இல்லாத கிளட்ச் எப்போதும் அரைப் பிடியிலேயே இருக்கிற மாதிரி, பிளேட்டு வழுக்கித் தேயும், கருகல் வாடை வரும். வழுக்குகிறதா என்று பார்க்க, காலியான ரோட்டில் நாலாவது கியரில் 40-இல் போகும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று கூட்டுங்கள். ஆர்பிஎம் எகிறி வேகம் பின்தங்கினால் வழுக்குகிறது. இடது கை இரண்டு விரலை எப்போதும் லீவர் மேலேயே போட்டுக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, கேபிள் அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் அது பிளேட்டைத் தின்றுவிடும்.

ஆயிலையும் பாருங்கள். வண்டியை நிமிர்த்திப் பிடித்து, இன்ஜினில் ஆயில் அளவு காட்டும் கண்ணாடியில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று. அளவுக்கு மேல் ஊற்றினாலும் பிளேட்டுகள் பிரியத் தயங்கும். கையேட்டில் சொன்ன கிரேடாக இருக்க வேண்டும், டின்னில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்க வேண்டும், ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான குறி அது. கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள், உங்கள் கிளட்ச் வேலை செய்வதே உராய்வில்தான். சர்வீஸ் பில்லில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

கேபிள் கனமாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. வேண்டாம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழி விடியலில் பாட்டிலில் பார்த்திருப்பீர்களே, அதேதான் கேபிளுக்குள்ளும் நடக்கும், தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று: காலையில் முதல் கியர் போடும்போது 'டங்' என்று சத்தம் வந்தால் பயப்படாதீர்கள். ராத்திரி முழுக்க ஆயிலில் ஒட்டியிருந்த பிளேட்டுகள் பிரிகிற நேரம் அது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்சைப் பிடித்தபடி இரண்டாவது கியரில் வண்டியை முன்பின் அசைத்துவிட்டால் சத்தம் குறையும்.

கடைசியாக அந்த வெட்டி இழுப்பது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு எரிபொருளைக் கம்ப்யூட்டர் சிக்கனமாக அளந்து கொடுக்கிறது. நீங்கள் ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோலை நிறுத்தும், திறந்தால் மறுபடி கொடுக்கும். மெதுவாகப் போகும்போது இந்த நிறுத்தி-கொடுப்பது உடம்புக்குத் தெரியும். நாலாவது கியரில் 25-இல் போய்க்கொண்டிருந்தால் நிச்சயம் வெட்டும். 20-க்குக் கீழே என்றால் இரண்டாவது கியர், ஆக்ஸிலேட்டரை மூடித் திறக்காமல் ஒரே சீராகப் பிடியுங்கள். அதோடு செயினையும் அளங்கள். கீழ்ப்பக்க நடுவில் மேலும் கீழும் அசைத்தால் பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கலாம். புதுச் செயினும் முதல் சில நூறு கிலோமீட்டரில் தளரும், தளர்ந்த செயின் ஒவ்வொரு முறையும் 'தடக்' என்று இழுப்பது ஆக்ஸிலேட்டர் கோளாறு மாதிரியே இருக்கும். மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால் மட்டும் நேராக சர்வீஸ் சென்டர், அவர்கள் மெஷினை மாட்டினால் பிழை எண் வரும்.

அவர்களிடம் பேசும்போது 'வண்டி சரியில்லை' என்று சொல்லாதீர்கள், அதற்குத்தான் 'ஓட ஓட சரியாகும்' என்ற பதில் வருகிறது. 'இன்ஜின் சூடான பிறகு, ஐடிலிங்கில், ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினால் ஆர்பிஎம் இத்தனையிலிருந்து இத்தனைக்குப் போகிறது' என்று சொல்லி, ஜாப் கார்டில் (சர்வீஸுக்கு எடுக்கும்போது புகார்களை எழுதும் தாள்) அதே வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். மீட்டர் தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். கிளட்ச் குறைக்கு, ஓட்டிப் பார்க்கிறவரைக் காலைக் குளிரில் அல்ல, இருபது நிமிடம் டிராஃபிக்கில் ஓடிய பிறகு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பின்னால் உட்கார்ந்து போங்கள்.

ஆனால் இன்று சாயங்காலம் முதல் வேலை அந்த ஹேண்டில் திருப்பும் சோதனை. ஆர்பிஎம் ஏறினால் வண்டியை ஓட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போகாதீர்கள் தம்பி, போன் செய்து மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.