கேள்வி–பதில்: என்.டி. என்றால் சமனா?

கே: பழைய குத்துச்சண்டைப் பதிவுகளில் 'என்.டி.' என்று வருகிறதே, சமனா? குத்துச்சண்டைப் பத்திரிகையாளர் நாட் ஃப்ளைஷர் சொன்னதை நம்பலாமா?

ப: சமன் இல்லை, 'நோ டிசிஷன்', அதாவது தீர்ப்பு இல்லை. நியூயார்க்கில் 1911 முதல் 1917 வரை இருந்த சட்டப்படி, 10 சுற்றும் நின்று முடிந்தால் வெற்றியாளரை அறிவிக்கக் கூடாது. மறுநாள் பேப்பரில் நிருபர் எழுதுவதே தீர்ப்பு. பந்தயப் பணமும் அதை வைத்தே கைமாறும். குத்துச்சண்டை வீரர் ஹாரி கிரெப்பின் ஏறக்குறைய 300 சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ரகம். வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆளைக் குறைத்து எடை போட்டுவிடுவீர்கள். தேதி, ஊர் பார்த்து அந்தக் காலத்துச் செய்தித்தாளைத் தேடுங்கள். ஒன்று போதாது, உள்ளூர்ப் பேப்பர் உள்ளூர்க்காரனுக்கே சாயும்.

1922இல் 'தி ரிங்' குத்துச்சண்டை இதழைத் தொடங்கிய ஃப்ளைஷர், சிதறிக் கிடந்த இந்தக் கணக்குகளை ஒரே புத்தகமாக்கினார். அந்த உழைப்பை நம்பலாம். தரவரிசை வேறு விஷயம்: ஹெவிவெயிட்டில் ஜாக் ஜான்சனுக்கே முதலிடம் தந்தார், பழைய ஆட்கள் மீது ஃப்ளைஷருக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம்!

அவர் சொல்லுக்கு இருந்த மதிப்புக்கு ஒரு உதாரணம்: 1965இல் அமெரிக்காவின் லூயிஸ்டனில் நடந்த சண்டையில் முகமது அலியிடம் லிஸ்டன் விழுந்தபோது, நடுவர் வால்காட் எண்ணிக்கையைத் தவறவிட்டார். பத்து முடிந்தது என்று ரிங் ஓரத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னவர் ஃப்ளைஷர். அலி வென்றதாக அறிவிப்பு வந்தது அதன் பிறகுதான்.