72 சதவீதத்தில் நின்றுபோகும் எக்ஸ்போர்ட்: எங்கே தேடுவது?

கேள்வி: 38 நிமிடக் குடும்ப வீடியோ ஒன்றை மூன்று வாரமாக எடிட் செய்து முடித்தேன். அதை ஒரே வீடியோ ஃபைலாக எடுக்க எக்ஸ்போர்ட் கொடுத்தால் 72 சதவீதம் வரை போய் எரர் காட்டி நின்றுவிடுகிறது. அதுவரை வந்த எம்பி4 ஃபைலும் ஓடவில்லை. சாஃப்ட்வேரை அழித்துவிட்டு இரண்டு தடவை புதிதாகப் போட்டும் அதே கதைதான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். மூன்று வார உழைப்பும் ப்ராஜெக்ட் ஃபைலில் அப்படியே இருக்கிறது. அந்த ஃபைலை 'சேவ் அஸ்' கொடுத்து வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, இனி எல்லாச் சோதனையையும் நகலில் மட்டும் செய்யுங்கள். பாதி வந்த எம்பி4 ஓடாததும் இயல்புதான். எந்தக் காட்சி ஃபைலில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பொதுவாகக் கடைசியில்தான் எழுதுவார்கள், நடுவில் நின்றுபோனால் அது இல்லாமலே போய்விடும்.

ஆனால் அந்த ஓடாத ஃபைலை இன்னும் அழிக்காதீர்கள், அதன் அளவைப் பாருங்கள். 4 ஜிபியை ஒட்டி நிற்கிறதா? அப்படியானால் உங்கள் எடிட்டில் குறையே இல்லாமல் இருக்கலாம். பென் டிரைவிலோ பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ நேரடியாக சேவ் செய்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அவை ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டவே முடியாது. எக்ஸ்போர்ட் செட்டிங்கில் பிட்ரேட்டை, அதாவது ஒரு விநாடி வீடியோவுக்கு எழுதும் டேட்டாவை, 20 மெகாபிட் என்று வைத்தால் நிமிடத்துக்கு 150 எம்பி, 27, 28 நிமிடம் வாக்கில் 4 ஜிபி வந்துவிடும், 38 நிமிடத்தில் அது கிட்டத்தட்ட உங்கள் 72 சதவீதம்தான். கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கில், நிறைய இடம் காலியாக இருக்கும் ஃபோல்டரில் சேவ் செய்து பாருங்கள். டிரைவையே இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றலாம், ஆனால் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

அளவு 4 ஜிபி பக்கத்திலேயே இல்லை என்றால் அடுத்த கேள்வி, ஒவ்வொரு தடவையும் அதே 72-இல்தான் நிற்கிறதா? ஒரு நாள் 40, இன்னொரு நாள் 65 என்று மாறினால் சூடு, மெமரி, கிராபிக்ஸ் டிரைவர் பக்கம் போங்கள். 0-விலேயே நின்றால் சேவ் செய்யும் ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம். அதே இடம் என்றால் டைம்லைனில், அதாவது கிளிப்புகளை அடுக்கிய வரிசையில், அங்கே ஏதோ ஒன்று இடறுகிறது, சாஃப்ட்வேரை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் அந்தக் கிளிப் அங்கேயேதானே இருக்கும்!

38 நிமிடத்தில் 72 சதவீதம் என்பது சுமார் 27 நிமிடம் 20 விநாடி. சதவீதம் காட்டும் பட்டை துல்லியமாக ஓடாது என்பதால் 26-ஆவது நிமிடத்திலிருந்து 29 வரை இன் (தொடக்கம்), அவுட் (முடிவு) குறித்து அதை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தோற்றால் அதைப் பாதியாக்கி ஒவ்வொரு பாதியாகக் கொடுங்கள், தோற்கும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். முழு 38 நிமிடத்திலிருந்து தொடங்கினாலும் ஏழே தடவையில் 18 விநாடிக்கு வந்துவிடலாம். செட்டிங் மட்டும் கடைசியில் எடுக்கப்போவதாகவே இருக்கட்டும். ரெசல்யூஷனைக் குறைத்துச் சோதித்தால் குறை ஒளிந்துகொள்ளும்.

அந்த 18 விநாடியில் பெரும்பாலும் என்ன இருக்கும்? குடும்ப வீடியோ என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபோட்டோவைத்தான். என் வீட்டு வீடியோ ஒன்று இப்படித்தான் நாலு நாள் என்னைப் படுத்தியது, கடைசியில் பார்த்தால் ஏ4 அளவில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்த ஒரு பழைய படம். டிஸ்க்கில் 5 எம்பிதான். ஆனால் திறக்கும்போது அது 4960க்கு 7016 பிக்சல், மெமரியில் கிட்டத்தட்ட 140 எம்பி, அதற்கு மேல் மெதுவாக ஜூம், அடுத்த படத்தோடு கலந்து மாறும் டிசால்வ், அந்த அடுத்த படமும் அதே அளவு! படங்களை 4000 பிக்சலுக்குள் சுருக்கி மாற்றி வைத்தேன், ஒரே தடவையில் முடிந்தது. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஃபோட்டோ இல்லை என்றால் போனில் எடுத்த கிளிப்பைப் பாருங்கள். பல போன்கள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃப்ரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, மாற்றிக்கொண்டே எடுக்கும், சில எடிட்டிங் சாஃப்ட்வேர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேர் இலவசம்தான், அதில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' வைத்து மாற்றி, பழைய கிளிப் இருந்த இடத்தில் புதியதைப் போடுங்கள். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட எஃபெக்ட் இருந்தால் அதைக் கழற்றியும் ஒரு தடவை பாருங்கள்.

எதுவும் பிடிபடவில்லையா? சரி, சுற்றிப் போகலாம். எக்ஸ்போர்ட் செட்டிங்கில் 'ஹார்டுவேர் என்கோடிங்' (கிராபிக்ஸ் கார்டு வீடியோவைச் சுருக்குவது) என்பதை 'சாஃப்ட்வேர்' என்று மாற்றுங்கள், நேரம் பல மடங்கு ஆகலாம், ஆனால் கிராபிக்ஸ் கார்டால் தடுமாறிய வேலை பல சமயம் இதிலேயே முடிந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் ப்ரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற, அதிகம் சுருக்காத கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) எடுத்து, அந்தப் பெரிய ஃபைலை ஹேண்ட்பிரேக்கில் வழக்கமான எச்.264 ஆக்குங்கள். எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு அங்கே சுருக்கும் வேலை மிகக் குறைவு. டிஸ்க்கில் மட்டும் பல பத்து ஜிபி இடம் வேண்டும்.

கடைசி வழி, இரண்டு மூன்று துண்டாக எடுத்து, வீடியோக்களை மறுபடி சுருக்காமல் ஒட்டும் லாஸ்லெஸ்கட் என்ற சாஃப்ட்வேரில் ஒட்டுவது. எல்லாத் துண்டுக்கும் ஒரே ரெசல்யூஷன், ஒரே ஃப்ரேம் ரேட், ஒரே கோடெக் இருக்க வேண்டும். பாட்டு ஓடும்போது நடுவில் வெட்டினால் சேரும் இடத்தில் 'டிக்' என்று கேட்கலாம், அதனால் அமைதியான இடமாகப் பார்த்து வெட்டுங்கள்.

ஃபைல் கைக்கு வந்ததும் முழுவதையும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், முக்கியமாக அந்த 27-ஆவது நிமிடத்தில் படமும் சத்தமும் ஒன்றாகப் போகிறதா என்று. அதுவரை ப்ராஜெக்டையும் ஒரிஜினல் கிளிப்புகளையும் அழிக்க வேண்டாம்.