சீஃப் இன்ஜினியர் ஸ்பேனரே பிடிப்பதில்லை என்கிறார்களே, கப்பலில் அவருக்கு என்னதான் வேலை?

இன்ஜின் ரூமின் அன்றாட வேலையை நடத்துவது செகண்ட் இன்ஜினியர்தான். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, பிஸ்டனைக் கழற்றி மாட்டுவது, பம்பைப் பிரிப்பது எல்லாம் அவர் தலைமையில் நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சீஃப் சும்மா இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் கணக்கும் கையெழுத்தும் சீஃபுடையவை. அதன் கனம் தெரிய வேண்டுமானால் பங்கர், அதாவது கப்பல் ஓடுவதற்கான எண்ணெய், எடுக்கும் நாளைப் பாருங்கள். பெரிய சரக்குக் கப்பல் ஒரே தடவையில் 1,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும். உலகிலேயே அதிகம் பங்கர் விற்கும் துறைமுகமான சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம்.

பார்ஜ் (எண்ணெய் கொண்டுவரும் படகு) வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். புது எண்ணெய் எந்தெந்த டேங்குக்குப் போக வேண்டும் என்று சீஃப் முடிவு செய்ய வேண்டும். கூடியவரை காலி டேங்கில்தான் இறக்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் கந்தகம் 0.50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வந்த பிறகு, பலவிதமான எண்ணெய்களைக் கலந்துதான் விற்கிறார்கள். தனித்தனியே நன்றாக இருக்கும் இரண்டு எண்ணெய்கள் ஒரே டேங்கில் சேர்ந்தால் அஸ்ஃபால்டீன் என்ற தார் போன்ற பகுதி பிரிந்து அடியில் சேறாகப் படியும். எண்ணெயைச் சுத்தம் செய்யும் ப்யூரிஃபையரும் ஃபில்டரும் அடைத்துக்கொள்ளும். இடமில்லாமல் கலந்தே ஆக வேண்டுமென்றால், முதலில் இரண்டின் சாம்பிளையும் கலந்து, ஒரு சொட்டைத் தாளில் விட்டுக் கறையைப் பார்க்கும் ஸ்பாட் டெஸ்ட் செய்து பார்ப்பது நல்லது.

டெக்கில் ஸ்கப்பர்கள் (தண்ணீர் வடியும் துளைகள்) எல்லாம் அடைக்கப்பட்டிருக்க வேண்டும், ஹோஸை மாட்டும் குழாய்வாயான மேனிஃபோல்டின் கீழுள்ள, சொட்டு பிடிக்கும் ட்ரிப் ட்ரேக்கு பிளக் போட்டிருக்க வேண்டும், எண்ணெய் சிந்தினால் அள்ளும் சாமான்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் ஏற்றுவதைக் காட்ட பகலில் சிவப்பு பிராவோ கொடி, இரவில் சிவப்பு விளக்கு.

அடுத்தது அளவு. பணம் போவது இங்கேதான். பார்ஜில் சவுண்டிங் எடுக்கும்போது (டேப் இறக்கி மட்டத்தை அளக்கும்போது) 'காலி' என்று சொல்லும் டேங்குகளையும் திறந்து பார்க்க வேண்டும். தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் எல்லா டேங்கையும் அளக்க வேண்டும். மட்டத்தைக் கன அளவாக மாற்றும் டேபிளைப் பார்க்கும்போது ட்ரிம் (முன்பின் சாய்வு), லிஸ்ட் (பக்கவாட்டுச் சாய்வு) திருத்தம் விடுபடக் கூடாது. எண்ணெயின் வெப்பநிலையை நம் தெர்மாமீட்டரில் நாமே பார்ப்பதுதான் சரி, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளக் கூடாது. காரணத்தைக் கணக்கே சொல்லும். 15 டிகிரியில் அடர்த்தி 0.9600 உள்ள எண்ணெய் 1,000 கன மீட்டர் வருகிறது, நிஜ வெப்பநிலை 45 டிகிரி என்று வையுங்கள். டிகிரிக்கு 0.00064 என்ற வழக்கமான திருத்தத்தைப் போட்டால் 941.6 டன். அதையே 35 டிகிரி என்று எழுதிவிட்டால் 947.7 டன் ஆகிவிடும். வராத ஆறு டன்னுக்கு கம்பெனி பணம் கட்டும்.

சிங்கப்பூரில் 2017 முதல் பங்கருக்கு மாஸ் ஃப்ளோ மீட்டர் கட்டாயம். அது நேராக எடையையே காட்டுவதால் இந்த வெப்பநிலை விளையாட்டு அங்கே எடுபடாது. அதற்காக சும்மா இருந்துவிட முடியாது. மீட்டரின் சீல்கள் உடையாமல் இருக்கின்றனவா, சான்றிதழ் காலாவதியாகவில்லையா என்று பார்த்து, தொடக்க ரீடிங்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். மீட்டர் இல்லாத துறைமுகங்களில் எண்ணெய்க்குள் காற்றை ஊதி அளவைக் கூட்டிக் காட்டும் 'கப்புச்சினோ பங்கர்' இன்னும் ஒரு தொல்லை. சவுண்டிங் டேப்பில் நுரைக் குமிழ்கள் ஒட்டியிருந்தாலோ, ஹோஸ் துள்ளிக் குதித்தாலோ சந்தேகப்பட வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடி அளந்தால் மட்டம் இறங்கியிருக்கும்.

பம்பிங்கை மெதுவாகத் தொடங்கச் சொல்வார்கள். எண்ணெய் சரியான டேங்குக்குத்தான் போகிறது, வேறெதிலும் மட்டம் ஏறவில்லை என்று உறுதியான பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். டேங்க் மாற்றும்போது அடுத்ததன் வால்வைத் திறந்த பிறகுதான் முந்தையதை மூட வேண்டும். பார்ஜ் பம்ப் ஓடும்போது நம் மேனிஃபோல்டு வால்வை மூடினால் ஹோஸ் வெடிக்கும். எந்த டேங்கையும் 90 சதவீதத்துக்கு மேல் நிரப்ப விடக் கூடாது. கடைசியில் லைனைக் காலி செய்ய காற்று ஊதுவார்கள். டேங்கில் இடம் இல்லாவிட்டால் வென்ட் (காற்றுக் குழாய்) வழியாக எண்ணெய் டெக்குக்கு வந்துவிடும்.

சாம்பிள் விஷயத்தில் நான் கறாராகவே இருக்கச் சொல்வேன். கப்பல் மேனிஃபோல்டில் ஊசி வால்வு வைத்து, தொடக்கம் முதல் கடைசி வரை சொட்டுச் சொட்டாக எடுத்ததுதான் சாம்பிள். பார்ஜ்காரர் ஏற்கெனவே நிரப்பி வைத்த பாட்டிலை வாங்கவே கூடாது. லேபிளில் முன்கூட்டியே கையெழுத்துப் போடுவதும் கூடாது. மார்போல் (கப்பல் மாசுத் தடுப்பு ஒப்பந்தம்) கேட்கும் சாம்பிள் குறைந்தது 400 மில்லி. அதை ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும். சீல் எண்கள் டெலிவரி நோட்டில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். அந்த நோட்டு மூன்றாண்டு கப்பலிலேயே இருக்க வேண்டும். ஆயில் ரெக்கார்டு புக்கில் பதிவும் உண்டு. அளவு ஒத்துவராவிட்டால் வாக்குவாதம் செய்து பயனில்லை. வித்தியாசத்தை நோட்டிலேயே எழுத வேண்டும். எழுத விடாவிட்டால் லெட்டர் ஆஃப் புரொட்டஸ்ட் என்ற ஆட்சேபக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆய்வக முடிவு வரும்வரை புது எண்ணெயைத் தொடாமல் ஓடும் அளவுக்குப் பழைய எண்ணெய் கையிருப்பில் இருக்க வேண்டும். முடிவில் முதலில் பார்க்க வேண்டியது அலுமினியமும் சிலிக்கானும். இவை சுத்திகரிப்பு ஆலையின் வினையூக்கித் துகள்கள். சிலிண்டர் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் மணல் போலத் தேய்த்துவிடும். 380 கிரேடு என்ற கெட்டியான எண்ணெய்க்கு இரண்டும் சேர்ந்து 60 பிபிஎம் வரை அனுமதி உண்டு, ஆனால் இன்ஜினுக்குள் போகும்போது 15க்குள் இருக்க வேண்டும். மீதியைப் பிரிப்பது ப்யூரிஃபையர். அதற்கு எண்ணெய் 98 டிகிரியில் போக வேண்டும், எண்ணெய் பாயும் வேகத்தையும் குறைக்க வேண்டும்.

வழக்கமான சோதனையில் தேறினால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. 2022 தொடக்கத்தில் சிங்கப்பூரில் சுமார் 200 கப்பல்களுக்குக் குளோரின் சேர்மங்கள் கலந்த எண்ணெய் போனது. சுமார் 80 கப்பல்களில் ஃப்யூல் பம்பிலும் இன்ஜினிலும் கோளாறு வந்தது. வழக்கமான சோதனைகளில் அது சிக்கவில்லை. தனியாகச் செய்யும் வேதிப் பகுப்பாய்வில்தான் தெரிந்தது. அதனால் புது எண்ணெய்க்கு மாறிய முதல் ஓரிரு நாள் ஆட்டோ ஃபில்டர் எத்தனை தடவை பேக்ஃப்ளஷ் ஆகிறது (தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது), ப்யூரிஃபையர் எவ்வளவு ஸ்லட்ஜ் (சேறு) தள்ளுகிறது, எண்ணெய் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்யூல் ரேக் இறுகுகிறதா என்று சீஃப் தானே இறங்கிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை ஏறத் தொடங்கினால், பம்ப் பிளஞ்சர் சிக்கும்வரை காத்திராமல் அப்போதே பழைய எண்ணெய்க்குத் திரும்பிவிட வேண்டும்.