கல் குவாரி வேலையை விட்டுவிட்டால் காசநோய் அபாயமும் போய்விடுமா?

போகாது. வேலை நின்றாலும் தூசி நுரையீரலுக்குள்ளேதான் இருக்கிறது.

கிரானைட்டை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்று சளியோடு வந்துவிடும். கல்லில் உள்ள சிலிக்கா என்ற தாதுவின், 5 மைக்ரானுக்கும் (0.005 மி.மீ.) சிறிய துகள் நுரையீரலின் காற்றுப்பை வரை போகும். அதை விழுங்கும் பாதுகாப்பு உயிரணுக்கள் செரிக்க முடியாமல் சாகின்றன. அவை விட்ட துகளை அடுத்த அணு விழுங்கிச் சாகிறது. காசநோய்க் கிருமியைக் கொல்ல வேண்டியதும் இதே அணுக்கள்தான். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களில், எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் (சிலிக்கா தூசியால் நுரையீரல் தழும்பாகும் நோய்) தெரியாதவர்களுக்கும் சுவாசித்த தூசிக்கு ஏற்பக் காசநோய் கூடியது. எச்ஐவியும் சேர்ந்தால் அபாயம் பன்மடங்கு. ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்குக் காசநோயோடு இந்த அளவு தொடர்பு கிடையாது. அதில் பயப்பட வேண்டியது புற்றுநோய்க்கு.

கண்டுபிடிப்பதில்தான் பெரிய குழப்பம். சிலிக்கோசிஸ், காசநோய் இரண்டுமே பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில்தான் நிழல் காட்டும். அதனால் வெறும் சிலிக்கோசிஸுக்குக் காசநோய் மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது, வந்துவிட்ட காசநோயைப் ‘பழைய தூசிதான்’ என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். சிலிக்கோசிஸ் பொதுவாக வருடக்கணக்கில் மெல்ல மாறும். சில வாரங்களில் புது நிழலோ குழியோ வந்தால், கூடவே மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் இருந்தால், காசநோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் கிருமி இல்லை என்று வந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். தழும்புக்குள் சிக்கிய கிருமி சளியில் வராமல் போகலாம். சிபிநாட் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை), கல்ச்சர் (சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது) இரண்டையும் கேளுங்கள்.

சிகிச்சைக் காலமும் முக்கியம். சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையமும் பங்கேற்று, ஹாங்காங்கில் சிலிக்கோசிஸ் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், 6 மாதம் மருந்து எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு மூன்று வருடத்துக்குள் நோய் திரும்பியது. 8 மாதம் எடுத்தவர்களில் 7 சதவீதம். ஆகவே ஆறு மாதத்தில் நிறுத்தச் சொன்னால், நீட்டிக்க வேண்டுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. 1992இல் வெளியான இன்னொரு ஹாங்காங் ஆய்வில், காசநோய் இன்னும் வராத சிலிக்கோசிஸ் நோயாளிகளில் தடுப்பு மருந்து எடுக்காதவர்களைப் பார்த்தால், ஐந்து வருடத்தில் 27 சதவீதம் பேருக்குக் காசநோய் வந்தது, எடுத்தவர்களில் 13. பாதிதான் குறைந்தது. எனவே மருந்தை முடித்தவர்களும் வருடம் ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆனால் தடுப்பு மருந்தைத் தொடங்கும் முன் உடலில் காசநோய் இல்லை என்று உறுதி செய்யாவிட்டால், ஒற்றை மருந்தில் கிருமி பழகி எதிர்ப்பு பெற்றுவிடும்.

இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு: முகத்தில் ஈரத்துண்டு கட்டுவது பயனில்லை, துணியின் இழை இடைவெளி துகளைவிடப் பெரியது. துளையிடும் முனையிலேயே தண்ணீர் விழ வேண்டும். மாலையில் உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் அன்றைய தூசி முழுக்க மறுபடி காற்றில்தான்.