தமிழ்நாட்டு அரசியலுக்காக இந்தியா தன் வெளிநாட்டு உறவை மாற்றியது உண்டா?

உண்டு. "வெளியுறவை டெல்லி அதிகாரிகள் முடிவு செய்வார்கள், தெருவில் கத்தி என்ன ஆகப்போகிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் மாணவராக இருக்கலாம், யாரோ இப்படிச் சொல்லி உங்களை அடக்கியிருக்கலாம். எங்களிடமும் சொன்னார்கள்.

2013 மார்ச்சில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு படித்தேன். 2009 போரில் நடந்த மனித உரிமை மீறல்கள் தொடர்பாக, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கைக்கு எதிரான தீர்மானம் வரும் நேரம். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நாற்பது பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தோம். தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் பலசரக்குக் கடையில் வேலை பார்த்தவர். அதனால் ஆச்சி தடுக்கவில்லை. "ஏல, தண்ணியாவது குடி" என்றாள், அவ்வளவுதான். அப்புறம் அரசே கல்லூரிகளை மூடியது. அதற்கு முந்தைய நாட்களுக்கு எங்களுக்கு ஆப்சென்ட் போட்டு அபராதம் வாங்கினார்கள். அதே வாரம் வெளியூர் போன கபடி அணிக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வந்ததாகவே கணக்கு) கொடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மார்ச் 19 அன்று, 18 எம்.பி.க்கள் வைத்திருந்த திமுக, காங்கிரஸ் தலைமையிலான மத்திய ஆட்சியிலிருந்து விலகியது. 21 அன்று இந்தியா தீர்மானத்தை ஆதரித்தது. எங்களால்தான் என்று சொல்லவில்லை, 2012-லும் ஆதரித்திருந்தது. திமுக கேட்ட 'இனப்படுகொலை' என்ற சொல்லும் தீர்மானத்தில் ஏறவில்லை. ஆனால் 2009 மே மாதத்தைப் பாருங்கள். அதே கவுன்சிலில் கொழும்புக்குச் சாதகமான தீர்மானத்துக்குத்தான் இந்தியா கை தூக்கியது. அப்போதும் திமுக கூட்டணியில்தான் இருந்தது. வித்தியாசம் என்னவென்றால், தேர்தல் முடிவு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஓட்டுக்காக யாருக்கும் பயப்பட வேண்டிய நேரம் அது இல்லை.

சீனா அந்தத் தீவில் கால் ஊன்றுகிறது, அதை விட்டுவிட்டாயே என்று யாராவது வருவார்கள். அந்தப் பயம் டெல்லிக்கு எப்போதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் 2012-லும் 2013-லும் கொழும்பைப் பகைத்திருக்க மாட்டார்கள்.

2014 மார்ச்சில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. சர்வதேச விசாரணை என்ற வாசகம் பிடிக்கவில்லை என்றார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் காங்கிரஸுக்கு அப்போது இங்கே பெரிய கூட்டாளி யாரும் இல்லை, தக்கவைக்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை. செய்தியில் பார்த்த ஆச்சி, "போன வருசம் நம்ம பக்கம்தானல நின்னாங்க?" என்று கேட்டாள். நான் கூட்டணிக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.