ஜினோவியேவ் கடிதமும் இருபத்தொரு நிபந்தனைகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1924 பிரிட்டிஷ் தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு வெளியான ஜினோவியேவ் கடிதம் போலி என்று வாசித்தேன். உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளை இணைத்து மாஸ்கோவிலிருந்து இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலத்தின் தலைவர் ஜினோவியேவ், பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதம் அது. அப்படியென்றால் மாஸ்கோ புரட்சியை ஏற்றுமதி செய்கிறது என்ற பயமே ஆளும் வர்க்கம் கட்டிவிட்ட கதைதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது போலிதான். மூலத்தாள் கடைசிவரை கிடைக்கவில்லை, சுற்றியதெல்லாம் நகல்கள். ‘மூன்றாம் கம்யூனிஸ்ட் அகிலம்’ என்ற தலைப்பும், தலைமைக்குழுத் தலைவர் என்ற கையொப்பமும் தவறு என்று லண்டனிலிருந்த சோவியத் பிரதிநிதி ராகோவ்ஸ்கி உடனே சுட்டிக்காட்டினார். ஜினோவியேவ் அகிலத்தின் செயற்குழுத் தலைவர்.

ஆனால் அதைப் பலரும் நம்பியது ஏன்? ராணுவத்துக்குள் கட்சிக் கிளைகள் அமைக்கச் சொன்னது அந்தக் கடிதம். அகிலத்தில் சேரும் கட்சிகளுக்கு 1920இல் விதித்த 21 நிபந்தனைகளில் மூன்றாவது தலைமறைவு அமைப்பையும், நான்காவது ராணுவத்தில் பிரச்சாரத்தையும் கட்டாயமாக்கின. போலியை எழுதியவர் புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. 1921 மார்ச் வணிக ஒப்பந்தத்தில் பிரிட்டனுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்வதில்லை என்று சோவியத் அரசு வாக்களித்தது. தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் எம்.என். ராய் இந்தியர்களுக்கு நடத்திய ராணுவப் பள்ளியும் மூடப்பட்டது. ஆனால் மாணவர்களில் பலர் மாஸ்கோவின் கீழைத்தேய உழைப்பாளர் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். பிரிட்டன் கேட்டால், அகிலம் வேறு அரசு வேறு என்பது பதில். இரண்டையும் நடத்தியது ஒரே கட்சி என்பதால் அந்தப் பதில் எங்கும் எடுபடவில்லை.

புரட்சியை ஏற்றுமதி செய்யும் எண்ணம் மெய், அதற்கான வலு குறைவு. 1923 ஜெர்மனியைப் பாருங்கள். பணவீக்கத்தில் நாடு சிதறிக்கிடந்தது. திட்டம் மாஸ்கோவில் உருவானது: சாக்சனி, துரிங்கியா மாநில அரசுகளில் கம்யூனிஸ்டுகள் சேர்வது, அங்கே தொழிலாளர்களுக்கு ஆயுதம் கொடுப்பது, பிறகு நாடு தழுவிய எழுச்சி. அமைச்சரவையில் சேர்ந்தார்கள், ஆயுதம் கிடைக்கவில்லை. ராணுவம் சாக்சனிக்குள் நுழைந்தது. அக்டோபர் 21 கெம்னிட்ஸ் மாநாட்டில் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பிராண்ட்லர் பொது வேலைநிறுத்தம் கேட்டார். சமூக ஜனநாயகவாதிகள் மறுத்தார்கள். எழுச்சி கைவிடப்பட்டது. ஹாம்பர்க் மட்டும் 23ஆம் தேதி விடிகாலையில் எழுந்தது. சில நூறு பேர், துப்பாக்கி பறிப்பதற்காகவே காவல் நிலையங்களைத் தாக்கினார்கள். பிற நகரங்கள் அசையவில்லை. சுமார் நூறு உயிர்கள் போயின. புரட்சிக்குத் தேதியைத் தொலைவிலிருந்து குறித்ததுதான் அடிப்படைப் பிழை என்பேன். உடன் வரவேண்டிய தொழிலாளர்களில் பெரும்பகுதி வேறு கட்சியில் இருந்தது.

இன்னொன்று, பிரிட்டனில் அப்போது ஆட்சியிலிருந்த தொழிற்கட்சியைத் தோற்கடித்தது அந்தக் கடிதம் என்பதும் முழு உண்மையல்ல. இடங்கள் 191இலிருந்து 151ஆகக் குறைந்தன, ஆனால் வாக்குகள் சுமார் பத்து லட்சம் கூடின. நொறுங்கியது லிபரல் கட்சி: 158இலிருந்து 40.

பயம் ஆபத்தைவிடப் பன்மடங்கு பெரிது என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்வேன். அதே 1924இல் கான்பூர் சதி வழக்கில், பிரிட்டிஷ் மன்னரின் இறையாண்மையைப் பறிக்கச் சதி என்று இந்தியக் கம்யூனிஸ்டுகள் டாங்கே, முசாபர் அகமது, சௌகத் உஸ்மானி, நளினி குப்தா நால்வருக்கும் நான்காண்டு சிறை. நம் சிங்காரவேலரும் குற்றம் சாட்டப்பட்டவர். உடல்நலக் குறைவால் விசாரணைக்கு வரவில்லை. அரசுத் தரப்பின் முதன்மைச் சான்று, ராயுடன் நடந்த கடிதப் போக்குவரத்தை இடைமறித்து எடுத்த தாள்கள்.