கமிட்டிகளைக் குறைப்பது எப்படி? கல்லூரித் திட்டமிடல்: கேள்வி-பதில்

எங்கள் கல்லூரியில் 26 கமிட்டிகள். எதைப் பார்த்தாலும் அதே ஏழெட்டுப் பேர்தான். எவற்றைக் கலைக்கலாம்? (கடலூர்)

விதிப்படி இருந்தே ஆக வேண்டியவற்றை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு (2013 சட்டம்), ராகிங் தடுப்புக் குழு (பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2009 விதிகள்), மாணவர் குறைதீர் குழு (2023 விதிகள்), கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள்தர உறுதிக் குழு (ஐ.க்யூ.ஏ.சி.). இவற்றை வேறெதோடும் சேர்க்காதீர்கள். உள்ளகக் குழுவுக்கு மூத்த பெண் ஒருவர் தலைமை, உறுப்பினர்களில் குறைந்தது பாதி பெண்கள், வெளியிலிருந்து ஒருவர் என்று அமைப்பே வரையறுக்கப்பட்டிருக்கிறது. மகளிர் மன்றத்தோடு இதை இணைத்துவிட்டால், புகார் வரும் நாளில் குழு அமைந்த விதமே கேள்விக்குள்ளாகும். பாதிக்கப்படுவது புகார் கொடுத்த பெண்தான்.

மற்றவற்றுக்கு ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பெயர், கடைசியாகக் கூடிய தேதி, கடந்த ஓராண்டில் எடுத்த முடிவு, அதற்கான தொகை. மூன்றாவது கட்டம் காலி என்றால் அதற்குக் கமிட்டி தேவையில்லை. ஒரு பொறுப்பாளர் போதும். விளையாட்டு விழா, ஆண்டு மலர், கல்லூரி நாள் எல்லாம் இந்த வகைதான். விழாவுக்கு மட்டும் ஒரு குழு; கணக்கு ஒப்படைத்ததும் அது கலைந்துவிட வேண்டும்.

எஞ்சுவதை நான்காகச் சுருக்கலாம்: பாடம்-தேர்வு, மாணவர் நலன்-வேலைவாய்ப்பு, கட்டடம்-கருவி-நூலகம், நிதி-கொள்முதல். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். பொருள் வாங்குபவரே ஸ்டாக் சரிபார்ப்பவராகவும் இருக்கக் கூடாது. இன்னொன்று: தன்னாட்சி இல்லாத கல்லூரியில் பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடம், புதுச்சேரி என்றால் அங்குள்ள பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. பாடக் கமிட்டி அதற்காக மணிக்கணக்கில் உட்கார வேண்டாம். அகமதிப்பீடு, கால அட்டவணை, சான்றிதழ்ப் படிப்புகள் என்று தன் கையில் இருப்பதைப் பேசட்டும்.

ஐ.க்யூ.ஏ.சி. இருக்கும்போது திட்டக்குழு தனியாக வேண்டுமா? (புதுச்சேரி)

வேண்டும், ஆனால் சிறியதாக. முதல்வர், நான்கு கமிட்டி கன்வீனர்கள், அலுவலகக் கண்காணிப்பாளர், ஐ.க்யூ.ஏ.சி. ஒருங்கிணைப்பாளர் என ஏழு பேர் போதும். திட்டம் போடுவது இவர்கள். நடந்ததா என்று பார்ப்பது ஐ.க்யூ.ஏ.சி. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் வழிகாட்டுதலின்படி ஐ.க்யூ.ஏ.சி. காலாண்டுக்கு ஒரு முறையாவது கூட வேண்டும்; கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, மூன்றில் இரண்டு பங்கு. 18 பேரைப் போட்டால் 12 பேர் வந்தாக வேண்டும் என்பதை நியமிக்கும்போதே யோசியுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் திட்டம் எழுதுகிறோம். நிதி மட்டும் வருவதில்லை. (கடலூர்)

எழுதும் மாதம் தவறாக இருக்கும். கல்லூரி திறந்ததும் ஜூன், ஜூலையில் கேட்கிறீர்கள். ஏப்ரலிலேயே நிதியாண்டு தொடங்கி, தொகை பிரிக்கப்பட்டாயிற்று. ஆகஸ்டில் துறைகளின் தேவைப் பட்டியல், செப்டம்பரில் கமிட்டிகளின் முன்னுரிமை வரிசை, அக்டோபர் முதல் வாரத்தில் திட்டக்குழு முடிவு என்று வையுங்கள். நவம்பர், டிசம்பரை நம்ப வேண்டாம். செமஸ்டர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும். 2011-இல் 'தானே' புயல், 2024-இல் 'ஃபெஞ்சல்' புயல் இரண்டுமே இந்தக் கரையில்தான் கடந்தன. விடுமுறையும் தேர்வு ஒத்திவைப்பும் எல்லாக் கூட்டத்தையும் தள்ளிவிடும். அரசுக் கல்லூரியின் கருத்துரு கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதனால் அக்டோபரைத் தாண்டவே கூடாது.

தேவைப் பட்டியலில் பொருளின் விலை மட்டும் இருந்தால் போதாது. 30 கணினி கேட்கும் துறை யு.பி.எஸ்., மின் இணைப்பு, மேஜை, ஆண்டுப் பராமரிப்பு நான்கையும் அதே தாளில் எழுத வேண்டும். விட்டுவிட்டால் கணினிகள் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். வாரண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

மினிட்ஸ் ஒழுங்காகத்தான் எழுதுகிறோம். ஆனால் எதுவும் நடப்பதில்லையே? (நெய்வேலி)

"மொழி ஆய்வகத்தை மேம்படுத்துவது குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது; ஆவன செய்ய முடிவு செய்யப்பட்டது" என்று எழுதினால் யாரும் நகர மாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "மொழி ஆய்வகத்தில் பழுதான 12 ஹெட்செட்டுகளுக்குப் பதில் புதியவை வாங்க மூன்று விலைப்புள்ளிகள் பெறுதல். பொறுப்பு: ஆங்கிலத் துறைத் தலைவர். கெடு: ஆகஸ்ட் 22. நிதி: ஆய்வகத் தலைப்பு." யார், எப்போது, எந்தப் பணத்தில் என்ற மூன்றும் இல்லாத வரியைத் தீர்மானமாகப் பதியாதீர்கள். மூன்று நாளுக்குள் எல்லோருக்கும் நகல் போகட்டும். அடுத்த கூட்டத்தின் முதல் பொருள், முந்தைய தீர்மானங்களின் நிலை.

கன்வீனர் மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. (புதுச்சேரி)

பதவிக்காலம் இரண்டாண்டு, ஆண்டுதோறும் பாதிப் பேர் மட்டும் மாறட்டும். இடமாறுதல் வரும் கல்லூரிகளில் ஒவ்வொரு கன்வீனருக்கும் துணை ஒருவர் கட்டாயம். ஒப்படைக்கும் கோப்பில் தீர்மானப் பதிவேடு, நிலுவைப் பட்டியல், செலவுக் கணக்கு, லாகின் விவரம் நான்கும் இருக்க வேண்டும். நாக் தளத்துக்கான லாகினைப் பேராசிரியர் யாருடைய சொந்த கைபேசி எண்ணிலும் பதியாதீர்கள். அவர் வேறு ஊருக்கு மாறிப் போன பிறகு, நாக்குக்கு அனுப்பும் ஆண்டுத் தர அறிக்கையின் (ஏ.க்யூ.ஏ.ஆர்.) கடைசி நாளில் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். கல்லூரிப் பெயரில் ஒரு சிம், ஒரு மின்னஞ்சல் போதும்.

மாணவப் பிரதிநிதிகள் வருவதே இல்லை. (கடலூர்)

கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள் என்று பாருங்கள். நான்கு மணி என்றால் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிற பிள்ளைகள் பஸ்ஸை விட்டுவிடுவார்கள். மதிய இடைவேளையை ஒட்டி வையுங்கள். நிகழ்ச்சி நிரலை ஐந்து நாள் முன்பே தமிழில் கொடுங்கள்; அவர்கள் கொண்டுவரும் பொருளை இரண்டாவதாகப் போடுங்கள். கடைசியில் போட்டால் அதற்குள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.